பெராஸ்தாகி: சிற்றுந்துகளில் சுற்றிய எரிமலை ஊர்

இந்தோனேசியாவின் வடக்குச் சுமத்ராவில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் காரோ மேட்டுநிலத்தின் மேல் அமைந்திருக்கிறது பெராஸ்தாகி. டச்சுக்காரர்கள் வெயிலுக்கு அஞ்சி ஒதுங்கிய மலைவாசஸ்தலம் அது. மேடான் நகரின் விடுதிகள் பலவும் அங்கே செல்ல வாடகைக் காரைப் பரிந்துரைக்கின்றன. அது தேவையில்லை. பாடாங் புலான் பகுதியிலிருந்து அடிக்கடி புறப்படும் சிற்றுந்துகள், காருக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கிலேயே நம்மைக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. கால் நீட்ட இடம் இருக்காது, பக்கத்து இருக்கைக்காரர் புகைப்பார், வளைவுகளில் மூட்டைகள் நம் மீது சாயும். இவற்றைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஊரைவிடச் சிக்கனமான எரிமலைப் பயணம் அமைவது அரிது.

ஊருக்கு அருகில் இரண்டு எரிமலைகள் உள்ளன. 2,460 மீட்டர் உயரமுள்ள சினாபுங், சுமார் நான்கு நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்து 2010ஆம் ஆண்டு விழித்தது. 2013 முதல் பல ஆண்டுகள் குமுறிய அம்மலை, 2014 பிப்ரவரியிலும் 2016 மே மாதத்திலும் உயிர்களைப் பலிகொண்டது. அடிவாரக் கிராமங்கள் சில நிரந்தரமாகக் கைவிடப்பட்டு, அவற்றின் மக்கள் சியோசார் என்னுமிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். மக்கள் வீடிழந்த அந்த இடங்களுக்கே கூட்டிச்செல்வதாக அழைக்கும் வழிகாட்டிகளும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரையொட்டிய குண்டாலிங் குன்றுக்கு நடந்தே ஏறினால், விடியற்காலையில் சினாபுங்கின் முழு உருவத்தையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து காணலாம். காலை முற்றினால் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

ஏறிப் பார்க்க உகந்தது சிபாயாக். சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள இம்மலைக்கு ஊரிலிருந்தே நடந்து செல்லலாம். அடிவாரத்தில் பெயரைப் பதிந்து சிறு கட்டணம் செலுத்தினால் போதும். பழுதடைந்த தார்ச்சாலையாகத் தொடங்கும் வழி, காட்டுக்குள் படிகளாகச் சுருங்கி, கடைசியில் சாம்பல் நிறப் பாறைகளுக்கிடையே எரிமலை வாயில் முடிகிறது. அங்கே நிலத்தின் வெடிப்புகளிலிருந்து நீராவி சீறி வெளியேறுகிறது; அதன் ஓரங்களில் கந்தகம் மஞ்சளாகப் படிந்திருக்கிறது, காற்று திசைமாறும்போது தொண்டை எரிகிறது. நெடுங்காலமாக வெடிக்காத மலைதான் என்றாலும், மூடுபனியில் இங்கே வழி தவறியவர்கள் உண்டு. ஆகவே தனியாகச் செல்பவர்கள் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. இந்தப் பயணத்தில் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

மறுபுறம் செமாங்கட் குனுங் கிராமத்தின் பக்கமாக இறங்கினால், மலையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையமொன்றும், சிடெபுக்-டெபுக் வெந்நீர் ஊற்றுகளும் வருகின்றன. சிறு தொகைக்குக் கந்தக வெந்நீரில் கிடந்து கால்வலியைப் போக்கிக்கொண்டு, டௌலு சந்திப்புக்கு வந்தால் ஊர் திரும்ப வண்டி கிடைக்கும். வார இறுதியில் மேடான் மக்கள் அனைவரும் இந்தத் தொட்டிகளில்தான் இருப்பார்களோ என்று ஐயுறும் அளவுக்குக் கூட்டம் சேரும். வார நாளே உத்தமம்.

பக்கத்து நகரமான கபன்ஜாகேயில் வண்டி மாறி மெரெக் வரை சென்று, அங்கிருந்து ஓஜெக் எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் சிபிசோ-பிசோ அருவியை அடையலாம். சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழும் அருவியைவிட, அதன் மேட்டிலிருந்து தெரியும் தோபா ஏரியின் வட முனையே என்னை நெடுநேரம் நிறுத்தியது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் நிலம் உள்ளே அமிழ்ந்து உருவான பள்ளம் அது. அன்று பறந்த சாம்பல் படுகைகளாக ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை கிடைத்திருக்கிறது.

லிங்கா கிராமத்தில் எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த, இப்பகுதியின் காரோ இன மக்களின் மரவீடுகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்ற கிளைகள் உள்ளன. பல அறிஞர்கள் இவற்றைத் தென்னிந்தியத் தொடர்போடு இணைக்கின்றனர். இதே தீவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பதை எண்ணும்போது, அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

உணவுக்குச் சந்தையே போதும். எரிமலை மண்ணில் விளைந்த காரட்டும் முட்டைக்கோஸும் மேடானுக்கு மூட்டை மூட்டையாக ஏற, பழக்கடைகளில் மார்கிசா எனப்படும் பேஷன் பழமும் ஆரஞ்சும் மரத்தக்காளியும் குவிந்திருக்கும். பேரம் பேசலாம், சாலையோரத்தில் சொல்லும் விலையைச் சற்று உள்ளே தள்ளியுள்ள கடைகளில் யாரும் சொல்வதில்லை. காரோ உணவகங்களில் பன்றி இறைச்சியே முதன்மை. கெண்டை மீனை மஞ்சளும் நாக்கை மரக்கச் செய்யும் அந்தலிமான் என்னும் மசாலாப் பொருளும் சேர்த்து வற்றவைக்கும் ஆர்சிக் சிறந்த மாற்று. சைவ உணவு உண்பவர்களுக்கு டோஃபுவும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேவும், கடலைச் சாறு ஊற்றிய காய்கறிகளும் கிடைக்கும். இறால் விழுது சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்து தோபா ஏரிக்கரை ஊரான பராபாட் செல்ல விரும்புவோர் கபன்ஜாகேயில் பெமாத்தாங் சியாந்தார் வண்டியைப் பிடித்து, அங்கே மீண்டும் மாற வேண்டும். ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவுக்குப் படகேற வேண்டியிருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.