அம்மாச்சியின் தக்கிளி

மேலூர் வீட்டுப் பரணில் கிடந்த அம்மாச்சியின் தக்கிளியை, அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிரைத் துடைத்தெடுத்து, இன்று காலை திண்ணையில் அமர்ந்து நூற்றேன். பஞ்சுப் பட்டையை இடது கையில் பிடித்து, வலது கையால் தக்கிளியைச் சுழற்றிவிட்டு, முறுக்கு ஏறும் வேகத்துக்கு இசைவாக இடது கையை உயர்த்தினால்தான் இழை அறாமல் நீள்கிறது. முறுக்கு குறைந்தால் பஞ்சு பிரிந்துவிடுகிறது, மிகுந்தால் நூல் தன்மேலேயே சுருண்டுகொள்கிறது.

ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்த இழைகள் இரண்டைச் சேர்த்து எதிர்ப்புறமாக முறுக்கி, குரோஷா ஊசியால் சிறு பூவொன்று பின்னினேன். மில் நூலில் நான் ஒருபோதும் காணாத மேடுபள்ளம் அதன் இதழ்களில் தெரிந்தது; எனக்கு அதுவே அழகு.

1921 செப்டம்பரில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது நம் மதுரையில்தான் என்று சொல்லாமல் அம்மாச்சி ஒருநாளும் தக்கிளியைத் தொட்டதில்லை. பூவை அம்மாச்சியின் படத்தருகே வைத்திருக்கிறேன்.