சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

ஹோஸ் வெடித்து, ஆவி பறக்க இழுத்து வரப்படும் வண்டியில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. கிழிந்த இடம் கண்ணுக்கு நேராகத் தெரியும். பட்டறையில் நேரத்தைத் தின்பது இன்னொரு வகை: மாதம் ஒருமுறை அரை டம்ளர் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, தரையில் சொட்டு ஈரம்கூட இல்லை. 'வெயிலுக்கு வற்றியிருக்கும், ஊற்றி ஓட்டுங்கள்' என்று அனுப்பிவிடுவது தவறு. கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றுக்குள். தொடர்ந்து குறைகிறது என்றால் எங்கோ வழி இருக்கிறது.

முதலில் குறைவதை உறுதிசெய்ய வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், சமதரையில், ரிசர்வ் டேங்கின் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டால் போதும். சூடான எஞ்சினில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறி நிற்கும் என்பதால் அந்த அளவை நம்ப முடியாது. வண்டிக்கு அடியில் சொட்டுவதெல்லாம் கூலன்ட்டும் அல்ல. ஏசியிலிருந்து வடிவது நிறமில்லாத வெறும் தண்ணீர். கூலன்ட்டை விரலில் தேய்த்தால் வழுவழுக்கும், இனித்த வாடை வரும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் நஞ்சு. நாயும் பூனையும் அந்த இனிப்புக்காக நக்கிவிடும். தரையில் சிந்தியதை உடனே கழுவித் துடைப்பதை எந்தப் பட்டறையும் தள்ளிப்போடக் கூடாது.

சிறு கசிவு தரைக்கு வராததற்குக் காரணம் சூடு. கசிந்த துளி சூடான உலோகத்தில் பட்டதும் நீர் ஆவியாகிவிடும். வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்பில் ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். ஈரத்தைத் தேடாமல் இந்தக் காய்ந்த கறையைத் தேட வேண்டும். அப்படியே ஈரம் கிடைத்தாலும் அது கசியும் இடமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. ஓடும்போது காற்று துளியைப் பின்னால் தள்ளும், அது ஹோஸ் வழியே இறங்கி வேறொரு மூலையில் சொட்டும். கறை தொடங்கும் மிக உயரமான புள்ளி எதுவோ, அதுதான் கணக்கு.

கண்ணால் கிடைக்காதபோது பிரஷர் டெஸ்டர், அதாவது ரேடியேட்டர் மூடியின் இடத்தில் மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கை பம்பு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை, பெரும்பாலான கார்களில் 0.9 முதல் 1.4 பார், கையால் பம்ப் செய்து அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று 15 நிமிடம் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருந்த பழைய ரேடியேட்டரும் விட்டுவிடும்.

அவசரப்படுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சில கசிவுகள் குளிரில் மட்டும் வரும்: உலோகம் சுருங்கி, ரப்பர் இறுகி, ஹோஸை இறுக்கும் கிளாம்ப்பின் பிடி தளரும், எஞ்சின் சூடானதும் தானே அடைபடும். சில கசிவுகள் நேர்மாறு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினிய கோரும் சேரும் மடிப்பில் உள்ள மயிரிழை விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். அதனால் காலையில் ஆறிய எஞ்சினில் ஒருமுறை, டெஸ்டரை மாட்டியபடியே எஞ்சினை ஓடவிட்டு இன்னொருமுறை என இரண்டு தடவை பார்ப்பதே சரி. ஸ்டார்ட் செய்த சில நொடிகளில், எஞ்சின் சூடேறுமுன்பே முள் துள்ளினால், சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று பொருள். எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் எஞ்சினில் கூலன்ட்டில் எரிந்த வாயு இருக்கிறதா என்று சோதிக்கும் பிளாக் டெஸ்டரின் நீலத் திரவம் மஞ்சளானால் சந்தேகம் உறுதி.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் காருக்குள் கையை விட்டுப் பாருங்கள். முன்பக்கக் கால்மிதிக்கு அடியில் ஈரம், கண்ணாடியில் பிசுபிசுத்த பனிப்படலம் இரண்டும் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர், கசிவதன் அடையாளம். வாட்டர் பம்ப் தன் சீல் தேய்ந்ததை அடியிலுள்ள சிறு துளை வழியே சொல்லும். அந்தத் துளையை எதைக்கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய்விடும். ரேடியேட்டர் மூடியையும் தனியாகச் சோதிக்க வேண்டும். கூலன்ட்டும் தண்ணீரும் சேர்ந்த 50:50 கலவை சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி பிடித்து வைக்கும் 1 பார் அழுத்தம் அதை இன்னும் 20 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அழுத்தம் வருமுன்பே கூலன்ட்டை வெளியே விட்டுவிடும். மலிவான பாகம் என்பதாலேயே அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

ஹோஸ் முனையில் கசிந்தால் ஸ்குரூ கிளாம்ப்பை மேலும் முறுக்குவதுதான் பலரின் முதல் வேலை. முறுக்க முறுக்க அது ரப்பரை வெட்டும், ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தை உடைக்கும். ஹோஸைக் கழற்றி, கழுத்திலுள்ள பொருக்கைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, கழுத்தின் வளையத் தடிப்பைத் தாண்டி கிளாம்ப் உட்காரும்படி மாட்ட வேண்டும். கம்பெனி ஸ்பிரிங் கிளாம்ப் போட்டிருந்தால் அதையே திரும்பப் போடுங்கள். சூட்டில் விரியும் ஹோஸையும் குளிரில் சுருங்கும் ஹோஸையும் ஒரே பிடியில் வைத்திருப்பது அதுதான். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தைக் கூலன்ட்டில் நனைத்துப் பொருத்துங்கள். பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் கூலன்ட் பாதையில் வரும் ரப்பர் ஊதிப்போகும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுஸிங்கை ஒட்டுப்போடாமல் மாற்றிவிட வேண்டும். கசிவை அடைக்கும் பவுடரையும் திரவத்தையும் வீடு சேர வழியில்லாத நேரம் தவிர நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவை கசிவோடு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

நிரப்பும்போது நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்கக் கூடாது, வண்டியின் கையேடு சொல்லும் வகையே வேண்டும். ஒவ்வாத வகைகள் கலந்தால் கூழாகலாம். கலக்க டீமினரலைஸ்டு (தாது நீக்கிய) தண்ணீர். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஃபேன் தானாகச் சுழலும், கை தள்ளியே இருக்கட்டும். ஆறியபின் மட்டத்தைச் சரிசெய்து, மறுபடி ஒரு பிரஷர் டெஸ்ட். பிறகு புது மட்டத்தில் புது டேப் ஒட்டி, ஒரு வாரம் கழித்து, காலையில், எஞ்சினைத் தொடுமுன் பார்க்க வேண்டும்.