கடை பூட்டிய பிறகு பேசும் மெஷின்

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் உதிரி பாகங்கள் விற்கும் ஓர் அலுவலகத்தில் தொண்ணூறுகளில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரத்தை முறை வைத்து இரவிலும் விட்டதால், மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்து தவித்தவர்களின் அழைப்புகளில் பல நாங்கள் கதவைப் பூட்டிய பிறகே வந்தன.

முதலாளியின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆன்சரிங் மெஷின்களை, அதாவது ஆளில்லாதபோது போனை எடுத்து, அழைப்பவர் சொல்வதைக் கேசட்டில் பதிவு செய்யும் கருவிகளை, கொண்டுவந்தார். அவற்றின் 110 வோல்ட் அடாப்டருக்காகத் தனியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க நேர்ந்தது. இன்டர்காம் மெக்கானிக் வந்து, வெளியிலிருந்து வரும் 3 லைன்களை அலுவலகத்துக்குள் 8 போன்களுக்கு (எக்ஸ்டென்ஷன்) பிரித்துத் தரும் எங்கள் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியின் கடைசி இரண்டு எக்ஸ்டென்ஷன்களில் அவற்றை மாட்டி, இரவு அழைப்பு முதல் மெஷினுக்கும், அது வேலையாக இருந்தால் அடுத்ததற்கும் போகும்படி புரோகிராம் செய்தார்.

மறுநாள் காலையில் கேசட்டை ஓடவிட்டால், முழுக்க என்கேஜ்டு டோன்தான் ஒலித்தது. அமெரிக்காவில் அந்த ஒலி 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து அரை வினாடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு வரும். நம் ஊரில் 400 ஹெர்ட்ஸ் மட்டும் முக்கால் வினாடி ஒலித்து முக்கால் வினாடி நிற்கும். எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள் என்பதே புரியாத அந்த மெஷின், யாரோ நெடுநேரம் பேசுவதாக நினைத்து மரியாதையுடன் பதிவு செய்திருக்கிறது. ஒரு தகவலுக்கு ஒரு நிமிடம் மட்டும் என்று அதன் அடியிலிருந்த சுவிட்சை மெக்கானிக் தள்ளிவைத்ததும் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

வாடிக்கையாளர்களைத் திருத்த அப்படியொரு சுவிட்ச் இல்லை. கல்யாண மேடையில் வரவேற்புரை ஆற்றுபவர் போல முதலாளி தம் குரலில் நிறுவனத்தின் வரலாற்றையே பதிவு செய்துவைத்திருந்தார். அவர் "வணக்கம்" என்றதுமே விவசாயிகள் பதில் வணக்கம் சொல்லி, மோட்டாரின் நோயை விவரித்து முடித்து, பீப் ஒலிக்கும் முன்பே போனை வைத்துவிட்டார்கள் என்பது அடுத்த நாள் கடைக்கு வந்து சண்டையிட்டவர்களிடமிருந்து தெரியவந்தது. கேசட்டில் எஞ்சியதெல்லாம் அந்த என்கேஜ்டு டோன் மட்டுமே. முதலாளியின் மனம் நோகாமல் அந்த உரையை நீக்குவதுதான், என் கருத்தில், இந்த முழு வேலையிலும் கடினமான பகுதி. பிறகு பில் போடும் அக்கா, "ஏனுங்க, கடை பூட்டியிருக்குதுங்க, பீப்புன்னு சத்தம் கேட்ட பொறவு ஊரு, பேரு, மோட்டாரு எத்தனை எச்.பி.ன்னு சொல்லுங்க" என்று பேசிவைத்தார். அன்றிரவே 5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு முழுத் தகவல் கிடைத்தது.

அதே கேசட்டில் எங்கள் வாட்ச்மேனின் குரலும் இருந்தது. வாசல் கேட்டில் இருந்த எக்ஸ்டென்ஷன் போனில் முதலாளியின் வீட்டை அழைத்தவர், வெளி லைனுக்கு முதலில் பூஜ்யத்தை அழுத்த மறந்திருக்கிறார். வீட்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும் மெஷின் இருந்த எக்ஸ்டென்ஷனின் எண்ணாகவே அமைந்துவிட்டன. பூட்டிய கட்டடத்துக்குள்ளிருந்து அக்காவின் குரலைக் கேட்ட அவர் பதறிப்போய்ப் பேசியிருந்தார்: "அம்மிணி, சாவி என்கிட்ட இல்லீங்க. வெடிஞ்சதும் மொதலாளி வந்து தொறந்துவிடுவாருங்க. பயப்படாம படுத்துக்கங்க, நான் வெளியிலதான் இருக்கறேன்."