தொடையிடுக்கில் இரண்டு விரல்

ரத்தக்குழாய் அறுவை தியேட்டரில் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் வந்து சேருகிறவர்கள் பலர் கையில் முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. கவர் இருக்கும், இடுப்பில் பெல்ட் இருக்கும். நூறடி நடந்தால் பிட்டமும் தொடையும் கடுக்கிறது, இரண்டு நிமிஷம் நின்றால் சரியாகிறது, மறுபடி நடந்தால் அதே கடுப்பு. நரம்பு வலி என்று மாதக்கணக்கில் மாத்திரை. தொடையிடுக்கில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்திருந்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்போ என்ற சந்தேகம் அன்றைக்கே வந்திருக்கும்.

சமீபத்தில் வந்த பெரியவரும் அப்படித்தான். தறி ஓட்டியவர், நாற்பது வருஷ பீடி. வலது பக்கம் நாடியே இல்லை. கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் வந்தார். தாம்பத்யம் நின்றே ரொம்ப நாளாச்சு என்பதை டாக்டர் தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார், அதற்கும் இதே அடைப்பு காரணமாகலாம் என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை.

தொடையிடுக்குக் குழாயில் பொதுவாக ஸ்டென்ட் வைப்பதில்லை. உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடங்குகிற இடம், தொடைக்குள் ஆழமாகப் போகும் கிளையின் வாயையும் அது மறைத்துவிடும். அதனால் குழாயைத் திறந்துதான் அடைப்பை எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டு, சில நிமிஷம் காத்திருந்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கிளாம்ப். (லிஸ்பனில் டோஸ் சாண்டோஸ் என்ற சர்ஜன் 1946-ல் இந்த மாதிரி அறுவையை முதலில் செய்ய முடிந்ததே ஹெப்பாரின் கைக்கு வந்ததால்தான்.) குழாயை நீளவாக்கில் கீறினால் உள்ளே மஞ்சளாக, சுவர்க்காரை மாதிரி ஒரு படிவு. சர்ஜன் தட்டைக் கருவியால் மெல்ல மெல்லப் பிரிக்க, கிளைகளின் அச்சோடு ஒரே துண்டாக வந்தது. கிட்னி டிரேயில் வாங்கினேன், டக்கென்று கல் விழுந்த சத்தம். ஒரு மனுஷனின் ரத்தக்குழாயிலிருந்து வந்த சத்தம் அது, எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் பழகவில்லை.

அப்புறம் கீறலை மூட மாட்டின் இதய உறைத் துண்டை வைத்துத் தலைமுடி போன்ற நூலில் தையல், மேலே இடுப்புக்குள் இருந்த அடைப்புக்கு அதே வெட்டு வழியாக ஸ்டென்ட். கிளாம்பை எடுத்துப் பாதத்தில், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்தபோது உஷ், உஷ் என்று ஓட்டம் கேட்டது. விரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும். அது எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் வார்டில் அவர் மனைவி, "நாடி எங்கேம்மா பாக்கணும்?" என்று கேட்டார். அந்த அம்மாவின் விரலைப் பிடித்துக் கணவரின் புறங்காலில் வைத்தேன்.

"துடிக்குதும்மா," என்றவர் நான் அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பும்வரை கையை எடுக்கவில்லை.