28/23: ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண் கையில் சிக்கியது

293318625600 பிடிபட்டுவிட்டது! உயர் பகு எண்களை, அதாவது தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்டவற்றை, கணினியைத் தொடாமல், கால்குலேட்டரும் கட்டம் போட்ட நோட்டும் மட்டும் வைத்து வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறேன். அந்த வரிசையில் நான் காத்திருந்த எண் இதுதான். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் 6746328388800 வரை பெரிய பட்டியல் போட்டிருக்கிறார். அதில் விடுபட்டுப்போன எண் இது.

இதன் பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 16 = 5040 காரணிகள். அந்த 5040-ம் ஓர் உயர் பகு எண் என்பதைப் பார்த்ததும் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

கடினமான இடம் இதற்கு முந்தைய படி. அங்கே நிற்பது 240940299600, அதாவது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 4800. இங்கிருந்து வழக்கம்போல 4/3 ஆல் பெருக்கினால் 321253732800 வரும், காரணிகள் 5376. அதுவும் உயர் பகு எண்தான், அதனால் எல்லாம் ஒழுங்காகப் போவதாகவே தோன்றும். ஆனால் நடுவில் ஒருவர் ஒளிந்திருக்கிறார். அவரைப் பிடிக்க 23-ஐ முழுதாகத் தூக்கிவிட்டு, அதற்குப் பதிலாக 28-ஐ, அதாவது 2² × 7-ஐ, உள்ளே கொண்டுவர வேண்டும். 23 போனதும் காரணிகள் பாதியாகி 2400 ஆகின்றன. பிறகு 2-இன் அடுக்கு 4-இலிருந்து 6 ஆவதால் 7/5 மடங்கு, 7-இன் அடுக்கு 1-இலிருந்து 2 ஆவதால் 3/2 மடங்கு. 5040 வந்துவிட்டது! எண்ணோ 28/23 மடங்குதான் பெரிதாகியிருக்கிறது. இரண்டு பக்கமும் 23 உள்ள எண்கள் நிற்க, 23 இல்லாத ஒன்று நடுவில் வரும் என்று யாருக்குத் தோன்றும்? கையால் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இந்த இடம் எவ்வளவு சுலபமாக நழுவும் என்பது புரிகிறது.

கால்குலேட்டர் வாங்குகிறவர்கள் 12 இலக்கம் காட்டுவதையே வாங்குங்கள், 8 இலக்கம் இந்த வேலைக்கு உதவாது. சின்னக் கட்ட நோட்டு வேறு இப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதே இல்லை. பெரிய கட்டத்தில் எழுதினால் இந்த எண் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொள்கிறது.

இன்னொன்று. விடுபட்ட எண்ணை 23 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6746328388800. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் அதேதான்! காரணிகள் சரியாக இரண்டு மடங்கு, 10080. அதுவரை போய்விட வேண்டும் என்று இப்போதே கை துறுதுறுக்கிறது. அங்கே 13 இலக்கம், கால்குலேட்டர் கைவிட்டுவிடும். எண்ணை இரண்டாகப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

அதற்கு முன், 240940299600-க்கும் 293318625600-க்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை என்பதை முழுதாக உறுதிசெய்ய வேண்டும். உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளி இல்லாமல் வரும். முதல் 11 பகா எண்களின் (2 முதல் 31 வரை) பெருக்கலே 200560490130, அடுத்த 37-ஐயும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். எனவே 31-க்கு மேல் போக வேண்டியதில்லை. 31 உள்ளவற்றைக் கழித்தாயிற்று. 29 உள்ளவை இன்னும் பாக்கி.