காத்தாலை யாருக்குச் சொந்தம்?

காத்தாலை வருதுன்னா ஊர்க்காரங்க எதிர்ப்பு தெரிவிக்கிறதும், உடனே அவங்களுக்கு 'வளர்ச்சிக்கு எதிரானவங்க'ன்னு முத்திரை குத்துறதும் எல்லா நாட்டுலயும் நடக்குது. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. ராத்திரி பூரா சத்தத்த கேக்குறது அவங்க, வருமானம் மட்டும் எங்கயோ இருக்கிற கம்பெனிக்குப் போகுதுன்னா யாருக்குத்தான் கோவம் வராது? அதே காத்தாலைல அவங்களுக்கும் பங்கு இருந்தா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளிய கடல்ல நிக்கிற மிடில்க்ருண்டன் காத்தாலைகள பாருங்க. 2000ல கட்டுனது, மொத்தம் 20 டர்பைன், ஒவ்வொண்ணும் 2 மெகாவாட். பாதி, 8,000 பேருக்கு மேல சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம். முதல்ல போட்ட பிளான் 27 டர்பைன், மூணு வரிசை, ஆனா மக்கள்கிட்ட கருத்து கேட்டப்ப பார்வைக்கு நல்லா இல்லன்னு ஆட்சேபணை வந்துச்சு, அதுக்கப்புறம்தான் 20ஆ குறைச்சு லேசா வளைஞ்ச ஒரே வரிசையா மாத்துனாங்க. ஏழு டர்பைன விட்டுக்குடுத்தாங்க, நகரத்து மக்களோட சம்மதம் கெடச்சுது. லாபக் கணக்கு இதுதான்னு நான் சொல்லுவேன்.

ஸ்காட்லாந்துல கீயான்னு ஒரு குட்டித் தீவு. அங்க இருக்கிறவங்க 2002ல தீவையே சேர்ந்து வாங்கிட்டாங்க, அப்புறம் 225 கிலோவாட் டர்பைன் மூணு, அதுவும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி நிறுத்துனாங்க. 'நடனமாடும் பெண்கள்'னு அதுக்குச் செல்லப்பேர் வேற! கரண்ட் வித்து வந்த காசு தீவோட பழைய வீடுங்கள சரி பண்ண உதவுச்சு.

இதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கஷ்டமான கட்டம் டர்பைன் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்காகும், அப்படின்னா வேகம் 10% கம்மியா இருந்தாலே சக்தி கால்வாசிக்கு மேல குறைஞ்சிடும், அதனால உயரமான கம்பம் நட்டு குறைஞ்சது ஒரு வருஷமாச்சும் அளந்து காட்டாம பேங்க்ல கடன் வாங்குறது கஷ்டம். அதோட அனுமதி, மின்சார லைனோட இணைக்கிற கிரிட் கனெக்‌ஷன், வக்கீல் ஃபீஸ்னு ஒரு யூனிட் கூட ஓடாத காலத்துல காசு கரைஞ்சுகிட்டே இருக்கும். பெரிய கம்பெனிக்கு பத்து இடத்துல திட்டம் இருக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணுல எடுத்துடுவான். ஊருக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.

அரசாங்கம் கை குடுக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்காட்லாந்து அரசோட கேர்ஸ் திட்டத்துல இந்த ஆரம்பச் செலவுக்குன்னே கடன் குடுத்தாங்க, அனுமதி கெடைக்காம திட்டம் நின்னுட்டா அதைத் தள்ளுபடி பண்ணவும் வழி வச்சிருந்தாங்க. டென்மார்க் 2008ல வேற மாதிரி ஒரு சட்டம் போட்டுச்சு, யாரு காத்தாலை போட்டாலும் 4.5 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்கு குறைஞ்சது 20% பங்க விலைக்குத் தர முன்வரணும்னு. 2020ல அத எடுத்துட்டாங்க. நல்ல சட்டமாத்தான் இருந்துச்சு, ஆனா பங்கு வாங்க கையில காசு இருக்கணுமே, வாடகை வீட்டுல இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? அதனால எனக்கு கீயா மாதிரி ஊர் பூராவும் சேர்ந்து வச்சிக்கிற முறைதான் பிடிக்குது.