112-ஐ யார் எண்ணுவது?

2022 நவம்பர் 19ஆம் நாள் இரவு, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் பொதுத்தேர்தல் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். விடியும்போது தாளில் இருந்த கணக்கு இது: அன்வார் இப்ராஹிமின் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி மூடா கட்சியையும் சேர்த்து 82, முகிதீன் யாசினின் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி 73, அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி 30, சரவாக்கின் ஜிபிஎஸ் 22, சபாவின் ஜிஆர்எஸ் 6, வாரிசான் 3, உதிரிகள் 4. மொத்தம் 220. மோசமான வானிலையால் சரவாக்கின் பாரம் தொகுதியிலும், வேட்பாளர் ஒருவர் மறைந்ததால் கெடாவின் பாடாங் செராயிலும் வாக்களிப்பு தள்ளிப்போயிருந்தது. 222 இடங்கள் கொண்ட மக்களவையில் ஆட்சி அமைக்க 112 வேண்டும். அது எவரிடமும் இல்லை. ஆனால் அன்வாரும் முகிதீனும் பெரும்பான்மை தம்மிடமே இருப்பதாக அன்று இரவே அறிவித்துவிட்டார்கள். பாடாங் செராயில் இருக்கும் என் தாய்மாமா தொலைபேசியில் சிரித்தார்: "எங்க ஓட்டே இன்னும் விழல, அதுக்குள்ள ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டாங்களாம், பாத்தியா தம்பி!"

அடுத்து வந்த ஐந்து நாட்களில் நாடு கண்டது, பேச்சுவார்த்தை என்பதைவிட, மாமன்னரின் மேசைக்குப் போட்டி போட்டுக்கொண்டு காகிதம் அனுப்பும் வேலை என்றே சொல்ல வேண்டும். அரசமைப்பின் 43ஆவது பிரிவு, மக்களவையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் உறுப்பினரைப் பிரதமராக நியமிக்கச் சொல்கிறது. அதிக இடம் பெற்ற கட்சியை முதலில் அழைக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அந்த நம்பிக்கையைக் கட்சிகள் எப்படிக் காட்ட வேண்டும் என்பதும் அதில் இல்லாததால், அந்த இடைவெளியில், இன்னாரை ஆதரிக்கிறேன் என்று உறுப்பினர்கள் கையொப்பமிடும் சத்தியப் பிரமாணக் கடிதங்கள் புகுந்துகொண்டன. ஒரே உறுப்பினர் ஒருவருக்குக் கையொப்பமிட்டுவிட்டு மறுநாள் வேறொருவருக்கு இட முடிகிற தாளுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? பெயர்களைச் சமர்ப்பிக்க நவம்பர் 21ஆம் நாள் பிற்பகல் 2 மணி வரை தந்த கெடுவை அரண்மனை ஒரு நாள் நீட்டித்தது. அதற்குப் பிறகும் முடிவு வரவில்லை. 2020 பிப்ரவரியில், கட்சித் தாவலால் பக்காத்தான் அரசாங்கம் கவிழ்ந்த ஷெராட்டன் நகர்வின்போது 222 உறுப்பினர்களையும் மாமன்னர் நேர்காண வேண்டி வந்ததை எண்ணிப் பார்த்தால், கட்சிகள் தாம் செய்ய வேண்டிய கூட்டல் வேலையை மீண்டும் அரண்மனையின் தலையில் கட்டிவிட்டன என்பதே என் எண்ணம்.

தொங்கு நாடாளுமன்றத்தில் கட்சிகள் எதிரியோடு கைகோத்தது என் மனத்தாங்கல் அன்று. 82உம் 30உம் சேர்ந்தால் சரியாக 112. அந்தக் கூட்டலைத் தாளில் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அம்னோ "அன்வார் வேண்டாம், ஜ.செ.க. வேண்டாம்" என்று ஊர் ஊராகச் சொல்லி வாக்குக் கேட்டிருந்தது; ஜ.செ.க., அதாவது ஜனநாயக செயல் கட்சி, பக்காத்தானின் உறுப்புக் கட்சி. நவம்பர் 22ஆம் நாள் எந்தத் தரப்பையும் ஆதரிக்கப் போவதில்லை என்று முடிவு செய்த தேசிய முன்னணி, 24ஆம் நாள் அன்வார் பிரதமராகப் பதவியேற்ற அரசாங்கத்தில் இருந்தது. எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல் போகலாம் என்பது பிரச்சாரக் காலத்திலேயே தெரிந்த விஷயம். அப்படியானால் யாரோடு, எந்த நிபந்தனையின் பேரில் அமர்வோம் என்று வாக்குக் கேட்கும்போதே சொல்லியிருக்கலாம், சொல்ல மனமில்லையென்றால் "ஒருபோதும் இல்லை" என்ற சபதத்தையாவது விட்டிருக்கலாம்.

நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. 2021 செப்டம்பர் 13ஆம் நாள் அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசாங்கமும் பக்காத்தானும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், எதிர்க்கட்சி ஓர் அமைச்சர் பதவிகூடப் பெறாமல் அரசாங்கம் கவிழாது என்ற உறுதியைத் தந்தது. கைம்மாறாகச் சீர்திருத்தங்களைக் கேட்டது. 18 வயதில் வாக்குரிமை அந்த ஆண்டு டிசம்பரிலும், கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. எழுத்தில் இருந்ததால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன். 2022இல் வரிசை தலைகீழானது: முதலில் பதவியேற்பு, பிறகு அமைச்சரவை, டிசம்பர் 16ஆம் நாள்தான் கூட்டணிகளுக்கு இடையே ஒப்பந்தம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, அதைச் சரிபார்க்க மக்களவையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பேராக் மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு நடந்த ஆட்சி மாற்ற வழக்கில், அவைக்கு வெளியேயும் நம்பிக்கையைக் கணிக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகக் கட்சிகள் அதையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அதே பேராக்கில் 2020 டிசம்பர் 4ஆம் நாள், மந்திரி பெசார் (மாநில முதல்வர்) மீதான நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 10 பேரும் எதிராக 48 பேரும் வாக்களித்தார்கள். ஒரே அமர்வில் கணக்குத் தீர்ந்தது. அன்வார் 2022 டிசம்பர் 19ஆம் நாள் மக்களவையில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தது பாராட்டத்தக்கதுதான், ஆனால் அது குரல் வாக்கெடுப்பில் முடிந்தது எனக்கு உறுத்தல். மூன்றில் இரண்டு பங்காகிய 148 பேரின் ஆதரவு இருக்கிறதென்றால், ஒவ்வொருவராக எழுந்து நின்று பெயரைப் பதிவு செய்வதில் என்ன தயக்கம்?

மாமாவின் வாக்கு டிசம்பர் 7ஆம் நாள் விழுந்தது. அதற்குள் தேசிய முன்னணி வேட்பாளர் பக்காத்தானுக்கு விட்டுக்கொடுத்து விலகியிருந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டதால் அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே இருந்தது. தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தைத் தவிர வேறெதற்கும் கோடு போட்டுப் பழகாத கை மாமாவினுடையது. தொகுதியைப் பெரிக்காத்தான் வென்று 74 ஆனது. யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னது இவ்வளவுதான்: "நிக்காத ஆளு பேரைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன் தம்பி."